பாலாற்று முகத்துவாரத்தில் யவனர் சாடி

மாமல்லபுரம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு பார்த்து, வெண்ணெய்த் திரள் பாறைக்குக் கீழே நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், அதையும் தாண்டினால் வாயலூர். பாலாறு கடலில் கலக்கும் இடம் அதுதான். அதையொட்டிய வசவசமுத்திரம் என்ற ஊரின் பெயர் தொல்லியல் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது பேருந்து சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் ஒரு சிற்றூர்.

அந்த மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தவற்றில் முக்கியமானவை மதுச்சாடிகள். இங்கே வடித்த கள்ளுக்கோ சோற்றிலிருந்து எடுத்த தோப்பிக்கோ உரியவை அல்ல. கடல் கடந்து வந்த சாடிகள். அவற்றில் வந்தது திராட்சை மது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

1970ஐ ஒட்டி, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே அகழ்ந்தது. இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அகழாய்வு அறிக்கை 1978இல் வெளிவந்தது. உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் சக்கரக் கோடுகள் ஓடும் ரௌலட்டட் பானை ஓடுகளும் கிடைத்தன. கூடவே அடி பம்பரம்போல் கூர்ந்த சாடிகளின் உடைசல்களும். தரையில் நிற்காத பாத்திரத்தை எதற்காக வனைந்தார்கள் என்று முதல்முறை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அது வீட்டுத் திண்ணையில் நிறுத்தி வைப்பதற்கான பாத்திரம் அல்ல. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று கோத்து அடுக்குவதற்கும், கரையில் மணலில் செருகி நிறுத்துவதற்குமான வடிவம் அது. கசியாமல் இருக்க உட்புறம் மரப்பிசின் பூசுவார்கள். இந்த வகைச் சாடிக்கு ஆம்போரா என்று பெயர். ரோமானியர்களுக்கு அது முகத்தல் அளவையும்கூட. நம் கணக்கில் ஏறத்தாழ 26 லிட்டர்.

இந்த வியாபாரத்தைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிவது புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டால்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். பிறகு விமலா பெக்லி குழுவினர் 1989 முதல் 1992 வரை மறுபடியும் தோண்டினார்கள். அங்கே கிடைத்த ஆம்போராத் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவற்றில் பெரும்பகுதி மதுவுக்கானவை என்றும், அவற்றுள்ளும் கிரேக்கத் தீவான கோஸின் மது வந்த சாடிகளும் அந்த வடிவத்தைப் பார்த்து வேறிடங்களில் செய்த சாடிகளுமே மிகுதி என்றும் கண்டார். கோஸ் தீவு மதுவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதில் கடல்நீர் கலப்பார்கள். கெட்டுப்போகாமல் இருப்பதற்கும் சுவைக்கும் அது வழி என்று அந்தக் காலத்தவர் நம்பினார்கள். உப்புக் கரிக்கும் திராட்சை மதுவை விலை கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறார்கள் நம் முன்னோர். அயல்சரக்கு என்றால் அன்றைக்கும் ஒரு மயக்கம் இருந்திருக்கும் போலிருக்கிறது.

குடித்தவர்கள் யார் என்பதற்கு இலக்கியத்திலேயே சாட்சி உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் (கிரேக்க, ரோமானியர்) நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணங்களில் மகளிர் ஏந்தி ஊட்ட மகிழ்ந்திரு என்கிறார். பொற்கிண்ணம் என்ற ஒரு குறிப்பே போதும், இது அரண்மனைச் சரக்கு. ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்துக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த செங்கடல் பயணக் கையேடான பெரிபுளுசும் முசிறியில் இறங்கும் பண்டங்களில் மதுவைச் சேர்த்துவிட்டு, 'அதிகம் இல்லை' என்று குறிக்கிறது.

தொண்டை நாட்டுக்கு வருவோம். இந்தப் பகுதியை நேராகக் காட்டும் பழம்பாட்டு பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம் வருகிறது. பிடரிமயிர் வெளுத்த குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் இறக்கும் நாவாய்கள் அங்கே நிற்கின்றன. ஏணி சாத்தி ஏற வேண்டிய உயரத்தில், இரவில் கலங்களுக்கு வழிகாட்ட விளக்கெரிகிறது. அந்தத் துறை மாமல்லபுரமா, வசவசமுத்திரமா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என்னைக் கேட்டால் ஆற்றுமுகத்தின் பக்கமே சாய்வேன். காஞ்சி உள்நாட்டு நகரம். அதன் சரக்கு கடலுக்குப் போக இயற்கையான வழி பாலாற்றுப் பள்ளத்தாக்குதான். மாமல்லபுரத்தில் பாறை இருக்கிறது, வாயலூரில் ஆறு இருக்கிறது. வணிகனுக்கு எது வேண்டும்?

அதே பாட்டில் இன்னொரு பகுதி இருக்கிறது. துறைமுகத்தை விட எனக்கு அதுதான் பிடிக்கும். வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறையை, ஒரு வரி விடாமல் சமையல் குறிப்பாகவே சொல்லிவிடுகிறார் புலவர். கொழிக்காத அரிசியைக் குழையக் கூழாகக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற தட்டில் ஊற்றி ஆற்ற வேண்டும். முளைகட்டிய நெல்லை இடித்த மாவை அதில் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடிக்குள் மூடி வைக்க வேண்டும். பச்சை வாடை போய் முற்றியதும் கையால் பிழிந்து வடிகட்டிச் சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும். முளைநெல்லில் இருக்கும் நொதிகள் அரிசி மாவை இனிப்பாக்க, அந்த இனிப்பைக் காற்றில் வரும் ஈஸ்ட் மதுவாக்குகிறது. வேதியியல் பெயர் தெரியாவிட்டாலும் செய்முறை துல்லியம். இன்றைய பீர் ஆலையில் வாற்கோதுமையை முளைகட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆக, இந்தக் கடற்கரைக்கு மது புதிதல்ல. பனையும் தென்னையும் அரிசியும் இருந்த நாடு. திராட்சையிலிருந்து வந்ததுதான் விருந்தாளி. வலைஞன் அரிசிப்பிழி குடித்தான், கோமான் கோஸ் தீவு மது குடித்தான் என்று ஒரு கோடு போடலாம். ஆனால் துறையில் சாடி இறக்கிய கூலியாள் உடைந்த ஒன்றிலிருந்து ஒரு வாய் குடிக்காமலா இருந்திருப்பான்?

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தியக் கரைகளில் ஆம்போரா என்று குறித்துவைத்த துண்டுகள் எல்லாமே ரோமானியச் சாடிகள் அல்ல. மண்பாண்ட ஆய்வாளர் ரொபெர்ட்டா டோம்பர் 2007இல் எழுதிய கட்டுரையில், அவற்றில் ஒரு பகுதி மெசபடோமியாவில் செய்த டார்பிடோ சாடிகள் என்று காட்டினார். அவற்றின் உட்புறம் பூச்சு மரப்பிசின் அல்ல, நிலக்கீல். கிடைத்த இடங்களையெல்லாம் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆகவே கிழக்குக் கரையில் எந்தச் சாடியைப் பார்த்தாலும் 'ரோம்' என்று சீட்டு ஒட்டுவதற்கு முன் உட்புறத்தைப் பார்ப்பது நல்லது. மத்தியதரைக் கடலோ பாரசீக வளைகுடாவோ, மது வந்த திசைதான் மாறும். வந்தது மாறாது.

பல்லவர் காலத்தில் இந்த மதுப் பேச்சு இன்னும் கலகலப்பாகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் முழுக்கக் காஞ்சித் தெருவில் நடக்கும் குடிகாரக் கூத்து. போதையில் இருக்கும் கபாலிகன் சத்தியசோமனும் அவன் துணைவி தேவசோமையும் தொலைந்துபோன மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தேடுகிறார்கள். வழியில் வந்த புத்த துறவிதான் எடுத்தார் என்று சண்டை. கடைசியில் பாத்திரம் ஒரு நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் கைக்கு வந்து சேருகிறது. குடைவரைகளைக் குடைவித்த மன்னனுக்கு இப்படி ஒரு கேலிநாடகம் எழுதவும் மனம் இருந்திருக்கிறது. அவன் வழிவந்த இராசசிம்மனின் கல்வெட்டுத் தூண் ஒன்று வாயலூர்க் கோயிலில் இருக்கிறது. பிரம்மாவில் தொடங்கிப் பல்லவ வம்சாவளியை நீளமாக அடுக்கும் தூண் அது. ஆற்றுமுகத்தில் கொண்டுபோய் அரசன் தன் குலப்பெருமையை நட்டிருக்கிறான் என்றால், அப்போதும் அந்த இடத்தில் பார்ப்பதற்கு ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

பல்லவர் காலத்திலிருந்து ஆயிரம் ஆண்டு தாண்டுவோம். அதே முகத்துவாரத்துக்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் இப்போது டச்சுக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் இராசநாராயணன் பெயரால் வழங்கிய பட்டினம் இது. ஆங்கில ஆவணங்களில் சத்ராஸ். 1602இல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் பழவேற்காடு முதல் தலைமையிடம், பிறகு நாகப்பட்டினம். சதுரங்கப்பட்டினம் இரண்டுக்கும் நடுவே மெல்லிய பருத்தித்துணி வாங்கும் இடம். இங்கே நெய்த துணி பத்தேவியா (இன்றைய ஜகார்த்தா) போய், அங்கிருந்து மசாலாத் தீவுகளுக்குப் போய், கிராம்பாகவும் சாதிக்காயாகவும் மாறியது.

அந்த டச்சுக்காரர்களுக்கும் திராட்சைச் சாராயத்துக்கும் உள்ள உறவைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் அவர்கள் பிரான்சின் ஷராந்த் ஆற்றுக்கு முதலில் உப்பு வாங்கப் போனார்கள். பிறகு மது வாங்கினார்கள். அது கடற்பயணத்தில் கெட்டது, கப்பலில் இடத்தையும் அடைத்தது. வாலையில் வடித்தால் அளவு குறையும், கெடாது. முதலில் மதுவை ஊருக்குக் கொண்டுபோய் வடித்தார்கள். பிறகு ஷராந்த் கரையிலேயே வாலைகளை நிறுவினார்கள். அப்படித்தான் கோன்யாக் என்ற சிற்றூர் உலகப் பெயர் பெற்றது. பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவா 1494இல் பிறந்த ஊர். அவன் பிறந்த கோட்டையே பின்னாளில் பிராந்திக் கிடங்காயிற்று. ஜெர்சி தீவுக்காரர் ழான் மார்டெல் 1715இலும் அயர்லாந்துக்காரர் ரிச்சர்ட் ஹென்னெசி 1765இலும் அங்கே கடை போட்டார்கள். ஊர்ப் பெயரை உலகம் அறியவைத்தவர்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள்.

இன்று கோன்யாக் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சுவர்களிலும் கூரைகளிலும் படிந்த கருப்பு. அழுக்கல்ல, பூஞ்சை. ஓக் மரப் பீப்பாய்களில் உறங்கும் சாராயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போய்விடுகிறது. அந்த ஆவியைத் தின்று வளர்கிறது இந்தப் பூஞ்சை. எந்தக் கட்டடத்தில் சரக்கு இருக்கிறது என்று வரி அதிகாரிக்குச் சுவரே காட்டிக் கொடுத்துவிடும். சட்டமும் கறார். திராட்சை அந்த வட்டாரத்தில் விளைந்திருக்க வேண்டும். செப்பு வாலையில் இரண்டு முறை வடிக்க வேண்டும். அறுவடைக்கு அடுத்த மார்ச் 31க்குள் வடித்து முடிக்க வேண்டும். ஒரு லிட்டர் சாராயத்துக்குச் சுமார் 9 லிட்டர் மது வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டு பீப்பாயில் கிடந்தால்தான் அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் இதையெல்லாம் செய்யவில்லை. திராட்சை விளையாத ஊரில் செய்யவும் முடியாது. ஆசியாவில் கம்பெனிக்காரர்களுக்குக் கைவசம் இருந்தது பத்தேவியாவில் வடித்த அராக். கரையெல்லாம் பனையும் தென்னையும் இருந்தபோது ஐரோப்பியச் சரக்குக்காக யார் காத்திருப்பார்கள்?

அவர்கள் விட்டுப்போனவற்றைப் பார்க்க இன்று சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் போகலாம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. செங்கல் மதில், வளைவுக் கூரைக் கிடங்குகள், உள்ளே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். கல்லறைக் கற்களில் செதுக்கிய எழுத்தையும் குடும்பச் சின்னங்களையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். அவ்வளவு நுணுக்கமான செதுக்கல். 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று எதிர்க் கடலில் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் மோதினார்கள். யாருக்கும் வெற்றி என்று சொல்ல முடியாத போர். 1818இல் டச்சுக்காரருக்கு ஊர் திரும்பக் கிடைத்தது, 1825இல் ஒப்பந்தப்படி மறுபடியும் ஆங்கிலேயரிடம் போயிற்று.

செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக வருவதே நல்லது. மலைமேல் வேதகிரீசுவரரைப் பார்த்துவிட்டு இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை உண்டு. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் கீறி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பொழுதுபோக்க வந்தவர்களாக இருக்க வேண்டும். கோயில் சுவரில் பெயர் கீறுவது நம்மவர் மட்டும் செய்யும் குற்றம் என்று நினைக்கிறவர்கள் அங்கே கொஞ்சம் ஆறுதல் அடையலாம். வித்தியாசம், அவர்கள் கீறியதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

கோட்டையைத் தாண்டி வாயலூர்ப் பாலத்தில் நின்றால்தான் கதையின் கசப்பு தெரியும். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் கழிக்கும் ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கடலுக்கு வருகிறது. மேலே தடுப்பணைகள், மணல் அள்ளல், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோல் ஆலைகளின் கழிவு. அந்தக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு சொன்னது. ஆனாலும் ஆற்றின் நோய் தீர்ந்தபாடில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு நன்னீர் பாலாற்று மணலுக்கு அடியிலிருந்துதான் போகிறது. கப்பல் வந்த ஆறு என்று சாலையோர டீக்கடையில் சொன்னால், "ஆத்துல தண்ணி வந்தாலே இங்க நியூஸ்தான் சார், நீங்க கப்பல்ங்கிறீங்க" என்று சிரிப்பார்கள்.

ஷராந்த் ஆறு மட்டும் ஏன் பிழைத்தது என்ற கேள்வி சும்மா விடாது. இரண்டுமே மதுவோடு தொடர்புள்ள கரைகள். இரண்டுக்கும் டச்சுக்காரர் வந்தார்கள். அங்கே ஆற்றோடு விளைச்சலும் இருந்தது. இங்கே வெளியிலிருந்து வந்ததை இறக்கவும் ஊர் நெய்ததை ஏற்றவும் ஒரு துறை மட்டுமே இருந்தது. கப்பல் வேறு துறைக்குப் போனதும் துறைக்கு வேலையில்லை. நெசவும் போனது. மிஞ்சியது மீன்பிடி.

தமிழ்நாட்டுக்குத் திராட்சை வராமல் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்கிறார்கள். ஆனால் அந்தத் திராட்சை பெரும்பாலும் பழக்கடைக்குத்தான் போகிறது. அரசு மதுக்கடைகளில் தமிழர்கள் விரும்பி வாங்கும் பிராந்தியில் எவ்வளவு திராட்சை என்று பார்த்தால் ஏமாற்றம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளின்படி, கலப்பு பிராந்தி என்று விற்கும் சரக்கில் தூய திராட்சைச் சாராயம் 2 விழுக்காடு இருந்தால் போதும். மற்றது நடுநிலைச் சாராயம். பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸிலிருந்து வடிப்பது. பிராந்தி அதிகம் குடிக்கும் மாநிலங்களில் ஒன்றான தமிழகம் உண்மையில் குடிப்பது கரும்பைத்தான்.

இந்தக் கரையிலேயே அதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர் வீட்டில் அரிசிப்பிழி வடித்த கை, இரண்டு நாள் பொறுத்திருந்து விருந்தாளிக்குக் கொடுத்தது. மெத்தனால் வியாபாரிக்கு அந்தப் பொறுமையும் இல்லை, விருந்தாளி என்ற எண்ணமும் இல்லை. மதுவிலக்கு வேண்டுமா, கூடாதா என்ற வாதத்தை இங்கே எடுக்கப்போவதில்லை. ஆனால் மதுவின் வரலாற்றைப் பெருமையாகச் சொல்கிற யாரும் இந்தச் சாவுகளை மறைத்துவிட்டுச் சொல்லக் கூடாது.

போகிறவர்களுக்கு: காலையில் திருக்கழுக்குன்றம், வெயில் ஏறுவதற்குள் சதுரங்கப்பட்டினக் கோட்டை, மாலையில் வாயலூர்த் தூணும் முகத்துவாரமும். வசவசமுத்திரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிடும், அதுதான் வழக்கம். 1984இலேயே உலக மரபுச் சின்னமான மாமல்லபுரத்துக்கு இத்தனை பேருந்துகள் வருகின்றன. அவற்றில் ஒன்றையாவது ஆற்றுமுகம்வரை கொண்டுபோகச் சுற்றுலாத் துறை நினைத்தால் முடியும். அங்கே கிடைத்த சாடித் துண்டுகளின் படமும் அகழாய்வுச் செய்தியும் கொண்ட ஒரு தகவல் பலகை, சதுரங்கப்பட்டினக் கோட்டையில் ஒரு சிறு காட்சி அறை — இந்த இரண்டுக்கும் பெரிய செலவு ஆகாது. கோன்யாக் ஊரில் ஒரு பீப்பாய்க்குக்கூட அருங்காட்சியகம் வைத்துக் காசு வாங்குகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுச் சாடிக்கு ஒரு பலகையாவது நட வேண்டும். தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகமும் இதைச் செய்ய வேண்டும்.